இலையில் இருந்த மருந்து

லூசி வில்ஸ் அம்மையாரின் வாழ்வும் ஆய்வும்

நுழையும்முன்

குழந்தையின் நலம் அது பிறக்கும் நாளில் தொடங்குவதில்லை. தாயின் குருதியில், தாய் உண்ணும் ஒரு பிடிச் சோற்றில், அவள் தட்டில் இருக்கும் அல்லது இல்லாத கீரையில் அது முன்னரே தொடங்கிவிடுகிறது. இன்று எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையை நிறுவ ஓர் அறிவியலாளர் கடல் கடந்து வந்தார். பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், குன்னூரின் ஆய்வுக்கூடத்திலும், சென்னைத் திருவல்லிக்கேணியின் மருத்துவமனையிலும் உழைத்தார். அவரது வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

செந்நிற மாத்திரை

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் செவ்வாப்பேட்டை. விடியற்காலையில் அதன் தொடர்வண்டி நிலையத்தில் நிற்போர் பலர். அவருள் பெண்களும் மிகுதி. உணவுப் பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு விரையும் அப்பெண்களைப் போன்றோர், திருவள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டி வரையிலான தொழிற்பகுதி எங்கும் உள்ளனர். அவர்களுள் ஒருவர் கருவுற்றிருக்கிறார் என்று தெரிந்தவுடன், அப்பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியர் அவர் பெயரைப் பதிவு செய்கிறார், எடை பார்க்கிறார், இரத்தத்தைச் சோதிக்கிறார், உரிய காலத்தில் சிறிய செந்நிற மாத்திரைகளை அவர் கையில் தருகிறார். நாள்தோறும் ஒன்றாக 180 நாள் உண்ண வேண்டிய மாத்திரை அது. அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன.

இரும்புச்சத்தின் பயனை உலகம் நெடுங்காலமாக அறியும். ஆனால், கடுகளவிலும் சிறிதான அந்த ஃபோலிக் அமிலம் மாத்திரைக்குள் வந்து சேர்ந்த கதை நீண்டது. அக்கதையின் முதல் ஏடுகள் நம் நாட்டில்தான் எழுதப்பட்டன. எழுதியவர் லூசி வில்ஸ்.

கல்வியின் பாதை

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். அறிவியலில் ஆர்வம் மிக்க குடும்பம் அது. பெண்களுக்கு அறிவியலும் கணிதமும் கற்பிக்கும் பள்ளிகள் அரிதாக இருந்த காலத்தில் செல்டனம் மகளிர் கல்லூரிப் பள்ளியில் அவர் பயின்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென அமைந்த நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் கற்று, 1911இல் தேர்வுகளை நிறைவு செய்தார். தேர்வு எழுதப் பெண்களுக்கு இசைவளித்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், பட்டம் வழங்க மட்டும் அன்று முன்வரவில்லை. பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்க அது 1948 வரை காலம் எடுத்துக்கொண்டது.

முதல் உலகப்போர் மூண்டபோது லூசி தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அங்குத் தொண்டராகச் செவிலியர் பணியாற்றினார். நோயுற்றோரின் அருகே கழித்த அந்நாள்கள் அவர் வாழ்வின் திசையை மாற்றின. பாறைகளையும் செடிகொடிகளையும் ஆராயக் கற்றவர், மனித உடலை அறியத் தலைப்பட்டார். 1915இல் இலண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, 1920இல் தம் 32ஆம் அகவையில் மருத்துவரானார். எனினும், தனியே மருத்துவத் தொழில் நடத்த அவர் விரும்பவில்லை. இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் வேதி நோயியல் துறையில் ஆய்வையும் கற்பித்தலையும் மேற்கொண்டார். கருவுற்ற பெண்களின் உடலில் நிகழும் மாற்றங்களே அவர் தொடக்க ஆய்வுகளின் பொருளாயின.

பம்பாயின் அழைப்பு

அக்காலத்தில் இந்தியாவில் மகப்பேறு என்பது பெண்ணுக்கு மறுபிறப்பாகவே இருந்தது. பேறுகாலத்தில் தாய் இறப்பதும், பிறந்த சில நாள்களில் சேய் இறப்பதும் ஊழின் விளைவு எனக் கருதப்பட்டன. தாய்மார் ஏன் இறக்கின்றனர் என்பதை முறையாக ஆராய இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் முனைந்தது. இக்கழகமே இன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாக வளர்ந்துள்ளது. இந்தியாவில் மகளிர் மருத்துவப் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டிருந்த மார்கரெட் பால்ஃபோர், இவ்வாய்வில் பங்கேற்குமாறு லூசியை அழைத்தார். 1928இல் லூசி பம்பாய் வந்து ஹாஃப்கின் ஆய்வு நிறுவனத்தில் பணியைத் தொடங்கினார்.

அவர்முன் இருந்த சிக்கல் ஒரு குறிப்பிட்ட இரத்தச்சோகை. கருவுற்ற பெண்கள் வெளிறிப் போயினர்; கால்கள் வீங்கின; மூச்சு வாங்கியது. அவர்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது சிவப்பணுக்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. எஞ்சியவையோ இயல்பைவிடப் பருத்திருந்தன. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும். ஆகவே இது வேறொரு நோய் என்பது தெளிவாயிற்று. கடுமையாகத் தாக்குண்ட பெண்கள் பேற்றுக்கு முன்போ பேற்றை ஒட்டியோ இறந்தனர். அவர்தம் குழந்தைகளின் வாழ்வும் அவர்களோடு ஊசலாடியது.

மருத்துவமனைப் படுக்கையோடு ஆய்வை நிறுத்திக்கொள்ள லூசி ஒருப்படவில்லை. இந்நோய்க்கு ஆளாகும் பெண்கள் யாவர், எங்கு வாழ்கின்றனர், என்ன உண்கின்றனர் என்று வினவினார். மேத்தா, தல்படே முதலிய இந்திய ஆய்வாளர்கள் அவருடன் இணைந்து உழைத்தனர். பம்பாய்ப் பெண்களின் உணவையும் வாழ்விடச் சூழலையும் பற்றி லூசியும் தல்படேயும் நடத்திய ஆய்வு 1930இல் வெளிவந்தது. துணி ஆலைகளில் உழைத்த பெண்களும், வீட்டின் திரைமறைவில் வாழ்ந்த பெண்களும் அவர்களின் கவனத்துக்கு உரியோர் ஆயினர். உணவுக்கும் நோய்க்கும் இடையே தொடர்பு இருப்பது கண்கூடாயிற்று. கீரையும் காயும் பழமும் பாலும் இறைச்சியும் அரிதான தட்டுகளை உடைய ஏழைப் பெண்களையே அந்நோய் நாடிச் சென்றது.

இங்கு ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோய்க்குக் காரணம் கிருமியே என்று தேடுவது அக்கால மருத்துவத்தின் வழக்கம். ஒன்று உடலுக்குள் புகுந்ததால் வரும் நோயைக் கண்டறிவது எளிது. ஒன்று இல்லாததால் வரும் நோயைக் கண்டறிவது அரிது. இல்லாத ஒன்றை நுண்ணோக்கியில் காண இயலாது அன்றோ?

குன்னூரும் சென்னையும்

1929ஆம் ஆண்டின் கோடையில் லூசி நீலகிரியிலுள்ள குன்னூருக்கு வந்தார். அங்குப் பாஸ்டர் நிறுவன வளாகத்தில் இராபர்ட் மெக்காரிசன் தலைமையில் உணவூட்ட ஆய்வு நடைபெற்று வந்தது. அந்த ஆய்வகமே பின்னாளில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய உணவூட்ட நிறுவனமாக உருப்பெற்றது. பம்பாய் ஏழைப் பெண்கள் உண்ட உணவைப் போன்றதொரு உணவை எலிகளுக்கு அளித்து லூசி ஆராய்ந்தார். சினையுற்ற எலிகள் சோகையுற்று, ஈனும் முன்பே மடிந்தன. ஈஸ்டை உணவில் சேர்த்தபோது அந்நிலை தடுக்கப்பட்டது.

வழி புலப்பட்டது என்று மகிழும் வேளையில் ஒரு தடை எழுந்தது. எலிகளின் மேல் வாழும் பேன்களால் பரவும் ஒரு தொற்றும் அவற்றுக்குச் சோகையை உண்டாக்கி, முடிவுகளைக் குழப்பியிருந்தது பின்னர்த் தெரியவந்தது. தமக்கு உவப்பான முடிவையும் ஐயுறுவதே அறிவியலாளரின் கடமை. லூசி தம் சோதனையை எலிகளோடு முடித்துக்கொள்ளவில்லை. மனித உடலுக்கு நெருங்கிய குரங்குகளைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார்.

1931இன் தொடக்கத்தில் அவர் பணி சென்னையில் நிகழ்ந்தது. திருவல்லிக்கேணியில் கடற்கரையை ஒட்டி அமைந்த அந்த மருத்துவமனையை அந்நாளில் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றனர். கோஷா என்பது பெண்கள் திரைமறைவில் வாழும் வழக்கத்தைக் குறிக்கும். ஆண் மருத்துவர்முன் வர இயலாமையால் மருத்துவமே பெறாது மாண்ட பெண்களுக்காக, மேரி ஷார்லீப் என்னும் மருத்துவரின் முயற்சியால் 1885இல் தோன்றியது அம்மருத்துவமனை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற முதல் பெண்களுள் ஒருவர் மேரி ஷார்லீப். இன்று அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை என வழங்குவது இதுவே. பெண்ணுக்குப் பெண்ணே மருத்துவம் பார்க்க வேண்டும் என்று எழுந்த அவ்விடம், பெண்களின் நோயை ஒரு பெண் ஆராயும் களமாகவும் விளங்கியது பொருத்தமே.

ஒரு கரண்டி ஈஸ்ட் சாறு

லூசியின் ஆய்வில் பெருந்திருப்பத்தை உண்டாக்கியது மார்மைட் என்னும் உணவுப்பொருள். மது வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் கரிய குழம்பு அது. இங்கிலாந்தில் ரொட்டியின்மீது தடவி உண்பர். இலங்கையிலும் அது நன்கு அறிமுகமான பொருள். அன்று அதன் விலையோ மிகக் குறைவு. சோகை முற்றிய ஒரு குரங்குக்கு வேறு வழியின்றி லூசி மார்மைட்டைக் கொடுத்தார் என்றும், அது வியக்கத்தக்க முறையில் தேறியது என்றும் கூறுவர்.

நோயுற்ற பெண்களுக்கும் ஈஸ்ட் சாற்றை அளித்து லூசி ஆராய்ந்தார். ஒருவர் நலமடைந்தார் என்பதைத் தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், இரத்தத்தைக் கொண்டே உறுதி செய்தார். எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவரும் இளஞ்சிவப்பணுக்களை எண்ணினார். சாற்றை உட்கொண்ட சில நாள்களில் அவற்றின் எண்ணிக்கை விரைந்து உயர்ந்தது. உறங்கிக் கிடந்த மஜ்ஜை விழித்தெழுந்தது போன்ற காட்சி அது. சிவப்பணுக்கள் பெருகின, பசி எடுத்தது, பெண்கள் எழுந்து நடந்தனர். 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் லூசி இம்முடிவுகளை வெளியிட்டார். குரங்குகளிடம் இதே வகைச் சோகையை உணவுக் குறைபாட்டால் தோற்றுவிக்க இயலும் என்பதைப் பிலிமோரியாவுடன் இணைந்து 1932இல் நிறுவினார்.

மற்றொரு வினா எஞ்சியிருந்தது. 1926இல் அமெரிக்க மருத்துவர்களான மைனாட், மர்ஃபி ஆகியோர் மற்றொரு கொடிய சோகையை ஈரல் உணவால் குணப்படுத்திக் காட்டியிருந்தனர். அவ்விரு நோய்களும் ஒன்றுதானா? லூசி இரு வகை ஈரல் சாறுகளை ஒப்பிட்டார். நன்கு தூய்மை செய்யப்பட்ட சாறு மைனாட், மர்ஃபி ஆகியோர் கண்ட நோயைக் குணப்படுத்தியது. இந்தியப் பெண்களின் சோகையைக் குணப்படுத்தவில்லை. தூய்மை செய்யப்படாத சாறோ அதையும் குணப்படுத்தியது. அப்படியாயின், தூய்மை செய்யும்போது நீங்கிவிடும் ஏதோ ஒரு பொருளே இப்பெண்களுக்கு மருந்தாகிறது. அறியப்பட்ட எந்த உயிர்ச்சத்தும் அன்று, புதியதொன்று அது. பெயரறியா அப்பொருளை அறிவியல் உலகம் வில்ஸ் காரணி என அழைத்தது.

1933இல் லூசி ராயல் ஃப்ரீ மருத்துவமனைக்குத் திரும்பினார். 1937இன் இறுதியில் மீண்டும் ஒருமுறை, இம்முறை பயணத்தின் ஒரு பகுதியை வானூர்தியில் கடந்து பம்பாய் வந்து, விடுபட்ட சோதனைகளைத் தொடர்ந்தார்.

பெயர் பெற்ற பொருள்

1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலை வகைக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் அடியாக அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். லூசி தேடிய பொருள் அதுவே. இன்று உயிர்ச்சத்து பி9 என்று குறிக்கப்படுவதும் அதுவே.

அதனை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய பெருமை, லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழுவைச் சாரும். 1945இல் அச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆந்திரத்தின் பீமாவரத்தில் பிறந்த சுப்பாராவ், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். பொருளின் இருப்பை உணர்த்திய ஆய்வில் ஒரு பகுதி திருவல்லிக்கேணியில் நிகழ்ந்தது. அப்பொருளைச் செய்தளித்தவர் அதே திருவல்லிக்கேணியில் பள்ளிப்பாடம் கற்றவர். ஒரே ஊரின் இரு வாயில்களில் புகுந்து புறப்பட்ட இரு வழிகள் ஒரு மாத்திரையில் வந்து கூடின.

தாயிலிருந்து சேய்க்கு

ஃபோலிக் அமிலம் செய்யும் பணி யாது? உடலில் புதிய உயிரணு ஒன்று தோன்ற வேண்டுமாயின் பழைய உயிரணு தன் மரபுப்பொருளைப் படியெடுத்து இரண்டாகப் பிரிதல் வேண்டும். அப்படியெடுப்புக்கு ஃபோலேட் இன்றியமையாதது. அது குறைந்தால் சிவப்பணுக்கள் உரிய வேளையில் பிரிய இயலாமல் பருத்து நிற்கும். லூசி நுண்ணோக்கியில் கண்ட பெருத்த அணுக்களின் பொருள் இதுவே. கருவில் வளரும் குழந்தையோ முழுவதும் புதிய உயிரணுக்களால் ஆகும் ஓர் உயிர். ஆகவே கருவுற்ற காலத்தில் ஃபோலேட்டின் தேவை மிகுகிறது.

லூசியின் காலத்துக்குப் பின் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. கருவின் மூளையும் தண்டுவடமும் ஒரு சிறு குழாயாகத் தோன்றுகின்றன. கரு உருவான ஏறத்தாழ 28 நாள்களுக்குள் அந்த நரம்புக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிடில் குழந்தை தண்டுவடக் குறைபாட்டுடன் பிறக்கும். சில வேளைகளில் மூளை வளர்ச்சியே குன்றி, பிறந்தவுடன் இறக்கும். 1960களில் இக்குறைபாட்டுக்கும் ஃபோலேட் குறைவுக்கும் தொடர்பிருக்கலாம் எனச் சில மருத்துவர்கள் ஐயுற்றனர். இதனை முடிவுசெய்ய, பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 7 நாடுகளின் 33 மையங்களில் ஒரு பெரும் ஆய்வை நடத்தியது. முன்னர் இத்தகைய குறையுடன் குழந்தை பெற்ற தாய்மார் இதில் பங்கேற்றனர். கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் பெற்றோருக்கு அக்குறை மீண்டும் ஏற்படுவது 72 விழுக்காடு குறைந்தது. 1991இல் இம்முடிவு வெளியானது. பயன் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தமையால், ஆய்வு உரிய காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது.

தாயைக் காக்கத் தேடிய பொருள் சேயையும் காத்தது. அதனைக் காண லூசி உயிரோடு இல்லை.

இறுதிக் காலம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லூசி அவசரகால மருத்துவப் பணியில் நோயியல் வல்லுநராக உழைத்தார். ராயல் ஃப்ரீ மருத்துவமனை குண்டுவீச்சுக்கு உள்ளான நாள்களிலும் அவர் பணி நிற்கவில்லை. அம்மருத்துவமனையின் முதல் குருதியியல் துறையை அவரே நிறுவினார். 1947இல் ஓய்வு பெற்றபின், ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்று உணவூட்டத்தையும் சோகையையும் ஆராய்ந்தார். இலண்டனில் செல்சி பகுதியின் நகர்மன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். பகட்டை விரும்பாதவர், பணிக்கு மிதிவண்டியில் செல்வதும் மலையேறுவதும் அவருக்கு உவப்பானவை. மணம் புரிந்துகொள்ளாத அவர் 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் மறைந்தார்.

நம்முன் உள்ள கடமை

லூசி வில்ஸின் பெயர் எந்த மாத்திரையிலும் அச்சிடப்படவில்லை. வில்ஸ் காரணி என்னும் பெயரும் வழக்கொழிந்தது. ஆயினும் அவர் கற்பித்த பாடம் வழக்கொழியக் கூடாதது. நோயாளியை மட்டுமன்றி அவர் வாழும் வீட்டையும் உண்ணும் உணவையும் பெறும் கூலியையும் சேர்த்துப் பார்ப்பதே மருத்துவம் என்பது அப்பாடம்.

மருந்து கண்டறியப்பட்டதால் நோய் ஒழிந்துவிட்டதா? 2019 - 21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையோர். இரும்புச்சத்துக் குறைவு, ஃபோலேட் குறைவு, தொற்று எனக் காரணங்கள் பல. ஆனால் ஒன்று உறுதி: அறிவு இருக்கிறது, அது சென்று சேர வேண்டிய தட்டைச் சென்று சேரவில்லை.

அன்று பம்பாய் ஆலையில் நெசவுப்பொறியின் அருகே நின்ற பெண்ணும், இன்று செவ்வாப்பேட்டையிலிருந்து முதல் வண்டியில் வேலைக்குச் செல்லும் பெண்ணும் ஒருவருக்கொருவர் அயலார் அல்லர். இருவருக்கும் நேரம் குறைவு. தமக்கென உண்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் மிகுதி. வேறுபாடு ஒன்றே. அன்றைய பெண்ணின் நோய்க்குப் பெயர்கூட இல்லை. இன்றைய பெண்ணின் கையில் மாத்திரை இருக்கிறது. அம்மாத்திரையை அவர் தவறாது உண்ணவும், அவர் தட்டில் கீரை இடம்பெறவும் துணைநிற்பது குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரின் கடமை. இவ்வறிவை அக்காளுக்கும் அண்ணிக்கும் எடுத்துச் சொல்லும் மாணவரும், லூசி வில்ஸ் தொடங்கிய பணியில் பங்கேற்பவரே ஆவர்.

தெரிந்து தெளிவோம்

ஃபோலேட் மிகுந்த உணவுகள்: கீரை வகைகள், பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, துவரை முதலிய பருப்புகள், நிலக்கடலை, ஆரஞ்சு, முட்டை, ஈரல். ஃபோலேட் நீரில் கரையக்கூடியது. நெடுநேர வெப்பத்தால் அழியக்கூடியது. ஆகவே கீரையை நறுக்குமுன் கழுவுதலும், குறைந்த நீரில் சிறிது நேரம் மட்டும் வேகவைத்தலும், வெந்த நீரைக் கொட்டாதிருத்தலும் நன்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு வாரம் சமைக்கப்பட்ட உணவுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஃபோலேட் மிகுந்தவற்றைக் குறிப்பிடுக.
2. எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில் நேர்ந்த குழப்பத்தை லூசி வில்ஸ் எதிர்கொண்ட முறையிலிருந்து நீங்கள் அறிவது யாது? வகுப்பில் கலந்துரையாடுக.
3. உங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரைச் சந்தித்து, தாய்சேய் நலப்பணிகள் குறித்து நேர்காணல் நடத்தித் தொகுத்து எழுதுக.